பேசாமல் தொடங்கும் கூட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

பத்து மணிக்குக் கூப்பிட்ட கூட்டம் பதினொன்றுக்குத் தொடங்கும். முன்வரிசையில் மூன்று பேர் பேசுவார்கள். டீ வரும், கையெழுத்து வாங்குவார்கள், கலைந்துவிடும். இதை மாற்றத்தான் ஃபெசிலிடேட்டர் என்று ஒருவரை அழைக்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால், கூட்டத்தை நடத்திக் கொடுப்பவர். என்ன முடிவு என்பது கூட்டத்தாருடையது. அந்த முடிவுக்கு எல்லோரும் எப்படி வந்து சேர்வது என்பதுதான் இவர் வேலை.

பாதி வேலை கூட்டத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அழைத்தவரிடம் மூன்று கேள்வி கேட்கணும். சாயங்காலம் கையில் என்ன இருக்க வேண்டும்? முடிவெடுப்பது யார்? ஏற்கெனவே முடிவானது எது? மூன்றாவதுக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். முடிவை எடுத்து வைத்துக்கொண்டு ‘கருத்துக் கேட்கிறோம்’ என்று கூப்பிட்டால், ஜனங்கள் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு அறிவிப்புக் கூட்டம் என்று பெயர் வைத்து ஒரு மணி நேரத்தில் முடிப்பது மரியாதை.

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஓர் ஏரிப் பாசன சங்கம் கூடுகிறது என்று வையுங்கள். இருபத்துநாலு பேர். ‘என்ன பிரச்சினை?’ என்று கேட்டால் பழைய சண்டை முழுக்க வெளியே வரும். ‘மழைக்கு முன்னால் நம்மால் முடிக்கக்கூடிய வேலை எது?’ என்று கேட்டால், மதகு, வரத்துக்கால்வாய், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கோடி என்று பேச்சு இறங்கிவரும். கேள்வியை முந்தின நாளே எழுதி, சம்பந்தமில்லாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் ‘அப்படின்னா?’ என்று கேட்டால் மாற்றி எழுதணும்.

கேள்வியைச் சொன்னதும் யாரையும் பேச விடக்கூடாது. ஐந்து நிமிஷம் மௌனமாக அட்டையில் எழுத வேண்டும். முதலில் வாய் திறக்கிறவர் பெரும்பாலும் தண்ணீர் முதலில் பாயும் தலைமடைக்காரர்; அவர் சொன்னதைச் சுற்றியே மற்றவர் பேச்சும் ஓடும், கடைசியில் பாயும் கடைமடைக்காரர் வாயே திறக்க மாட்டார். முதலில் எழுது, பிறகு வரிசையாகச் சொல் என்ற இந்த முறையை அமெரிக்காவில் டெல்பெக், வான் டி வென் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1971-இல் எழுதிவைத்தார்கள்.

இங்கே கணக்கில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். ஆளுக்கு மூன்று அட்டை கொடுத்தால் எழுபத்திரண்டு. அதைப் படித்து, இனம் பிரித்து ஒட்டுவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து ஜோடிக்கு மூன்று கொடுங்கள், முப்பத்தாறோடு நிற்கும். ஓர் அட்டையில் ஒரே விஷயம், தடித்த மார்க்கர், மூன்று வரிக்கு மேல் வேண்டாம். எழுதத் தெரியாதவரை எழுதத் தெரிந்தவரோடு சேர்த்தால் யாருக்கும் கூச்சம் வராது. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் உருது, தெலுங்கு பேசுபவர்களும் இருப்பார்கள். அவரவர் மொழியில் எழுதட்டும், படித்துச் சொல்ல ஆள் இருந்தால் போதும்.

சித்திரை, வைகாசி வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்த முடியாது, அட்டை பறக்கும். சுண்ணாம்புச் சுவரில் டேப் பிடிக்காது. சணல் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு மாட்டிவிடுங்கள்.

ஒரே மாதிரி அட்டைகளைச் சேர்த்தால் எட்டு, ஒன்பது தலைப்பு வரும். ஓட்டுக்குப் புளியங்கொட்டை போதும். தலைப்பில் மூன்றில் ஒரு பங்கு என்று ஆளுக்கு மூன்று விதை. தலைப்புக்கு ஒரு பேப்பர் கப் வைத்து, மேலே மூடி, விதை நுழைகிற அளவு ஓட்டை போடுங்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம்: ‘டங்’ என்று விழும் சத்தத்திலேயே யார் எதில் போட்டார் என்று தெரிந்துவிடும். கப்புகளைத் திரைக்குப் பின்னால் வைத்து ஒவ்வொருவராக அனுப்புங்கள். திறந்து வைத்தால் பின்னால் வருகிறவர், நிறைய விழுந்த கப்பிலேயே போட்டுவிட்டுப் போவார்.

சாப்பாட்டுக்குப் பிறகு உரை வைக்கவே கூடாது. ஆம்பூர் பக்கம் பிரியாணி போட்டுவிட்டு இரண்டு மணிக்கு ஸ்லைடு காட்டுவது பாவம். அந்த நேரத்துக்கு நின்றுகொண்டு செய்கிற வேலை: கோலப்பொடியில் தரையில் ஏரி வரைபடம் போட்டு, அடைப்பு எங்கே என்று கல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நடுவில் ஒருவர் நிறுத்தாமல் பேசினால் வாயை அடைக்க வேண்டாம். அவர் சொன்னதை அவர் கண்ணெதிரே சார்ட்டில் எழுதி, ‘சரியா எழுதியிருக்கேனா ஐயா?’ என்று கேளுங்கள். பதிவாகிவிட்டது என்று தெரிந்தால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடுவார். தலைப்புக்கு வெளியே போனதைத் தனி சார்ட்டில் எழுதி வைக்கலாம். ஆனால் முடிவதற்குள் அதை எடுத்துப் பேசியே ஆகணும், இல்லையென்றால் அது குப்பைத்தொட்டி என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

பெண்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குக் கிளம்புவார்கள், மற்றவர்கள் பஸ்ஸைப் பார்ப்பார்கள். அதனால் மூன்று மணிக்கே கடைசிப் பட்டியலைத் தொடங்குங்கள். என்ன வேலை, யார், எந்தத் தேதிக்குள்? ‘சங்கம் பார்த்துக்கொள்ளும்’ என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிட்டு ஆள் பெயர் கேளுங்கள். பெயர் வராத வேலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். மிச்சத்தை நீங்கள் படிக்காமல், ஏற்றுக்கொண்டவரே எழுந்து தன் வரியைப் படிக்கட்டும். பிறகு போட்டோ எடுத்து, அன்றைக்கு ராத்திரியே குரூப்பில் போட்டுவிடுங்கள்.

வணக்கம்.