40 மடங்கு ஸூமும் மலைநாட்டு வெளிச்சமும்

வணக்கம் நேயர்களே. ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருப்பவனிடம் ஆட்கள் வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, கைக்குள் அடங்குற மாதிரி 40 எக்ஸ் கமரா ஒன்று பார்த்தேன். வாங்கலாமா, இல்ல போனே போதுமா?" சுருக்கமாகச் சொல்வதானால், வெயில் நேரத்தில் தூரத்தில் இருப்பதை எடுக்க ஆசையுள்ளவர் வாங்கலாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்து, இதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

2018இல் வந்த கெனன் பவர்ஷொட் எஸ்.எக்ஸ். 740ஐ எடுத்துக்கொள்வோம். எடை ஏறக்குறைய 300 கிராம். பழைய பிலிம் கமராவின் கணக்கில் சொன்னால், இதன் லென்ஸ் 24 மில்லிமீற்றரில் தொடங்கி 960 வரை நீள்கிறது. எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்ட வரும், படத்துக்குள் அடங்கும் இடம் குறையும். 960ஐ 24ஆல் வகுத்தால் 40. அந்த எண்ணுக்குள் இருக்கும் இரகசியம் அவ்வளவுதான். பெட்டியில் அதைவிடப் பெரிய எண் ஏதாவது அச்சடித்திருந்தால் பெரும்பாலும் அது டிஜிட்டல் சமாச்சாரம். படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பித்துக் காட்டும் வேலை. அதற்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் அந்த 960 பொய்யில்லை. தலவாக்கலைப் பக்கம் வீதியோரத்தில் நின்று டெவன் அருவியைப் போனில் எடுத்தால் மலையில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். நல்ல வெயிலில் இந்தக் கமராவில் எடுத்தால், தண்ணீர் பாறையில் பட்டு இரண்டாகப் பிரியும் இடம் வரை தெரியும். டெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை மேட்டிலிருந்து எடுப்பவர்களுக்கு அதில் பாதி ஸூம்கூட வேண்டாம். 150, 200இல் நிறுத்தினாலே பாலமும் பின்னால் உள்ள மலையும் நெருங்கி வந்து நிற்கும். அங்கே நிற்கும் ஆளின் போன் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கமரா வாங்கியவருக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்.

சரி, வெயில் போனால்?

இந்த லென்ஸ் அகல முனையில் எஃப் 3.3 அளவுக்குத் திறக்கும். முழுதாக நீட்டினால் 6.9தான். இந்த எண் கூடினால் திறப்பு சின்னதாகும். அதாவது படத்தைப் பதியும் சில்லான சென்சருக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்கைவிடக் குறைந்துவிடுகிறது. அந்தச் சென்சரும் ஏறக்குறைய 6 மில்லிமீற்றருக்கு நாலரை. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. நீட்ட நீட்டக் கை நடுக்கமும் பெரிதாகும். அதனால் ஷட்டர் வேகம் கூட வேண்டும், வேகம் கூடினால் வெளிச்சம் இன்னும் குறையும். கமரா என்ன செய்யும்? ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கிடைத்த வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவை, ஏற்றும். ஏற்ற ஏற்றப் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்ற சின்னக் குருவி வந்து போகும். அதைத் தேடி வெளிநாட்டிலிருந்தே ஆட்கள் வருகிறார்கள். அது உட்காருவது பெரிய மரங்களின் நிழலில். அங்கே 960இல் எடுத்தால் குருவி படத்தில் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் கழுத்துச் செம்மை மட்டும் நிற்கும், இறகின் கோடுகள் எல்லாம் கலைந்துபோயிருக்கும். நிறுவனம் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் பகல் இரண்டு மணிக்கே மூடம், அதாவது பனிமூட்டம், போடும் என்பது அவர்கள் கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு மாற்றாக ஓரங்குலச் சென்சர் என்று விற்கிறார்கள். பெயரில்தான் அங்குலம். உண்மையில் அது 13.2க்கு 8.8 மில்லிமீற்றர். ஆனாலும் பரப்பில் மற்றதைப்போல நாலு மடங்கு. 2016இல் வந்த பானசோனிக் லூமிக்ஸ் டி.இசட். 100 அந்த இனம். ஸூம் 25இலிருந்து 250 வரைதான், வெறும் 10 மடங்கு. கூடவே கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன வியூஃபைண்டரும் உண்டு. உச்சி வெயிலில் தேயிலை மலையில் நின்று பின்திரையைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். முகத்தோடு சேர்த்துப் பிடிப்பதால் கையும் ஆடாது. என்னைக் கேட்டால் குருவிப் பைத்தியம் இல்லாதவர்களுக்கு இந்த 10தான் அந்த 40ஐவிட மேல். காமன் கூத்து, தேர்த் திருவிழா என்று நம்முடைய நல்ல படங்களில் பாதி இரவில்தான் கிடைக்கின்றன. அங்கே எந்தக் கமராவாக இருந்தாலும் ஸூமை மறந்துவிட்டு, அகல முனையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்குவதுதான் வழி. சிவனொளிபாத மலையில் விடியற்காலையில் மூடத்தின் மேல் விழும் முக்கோண நிழலுக்கும் 24தான் தேவைப்படும்.

மூடத்தில் இன்னொரு தொல்லை. ஃபோக்கஸ் பிடிக்க ஏதாவது ஒரு விளிம்பு வேண்டும். வெறும் வெள்ளையைக் காட்டினால் லென்ஸ் முன்னும் பின்னும் போய்வந்து கொண்டே இருக்கும். பக்கத்து நிழல் மரத்தின் தண்டில் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்துவிட்டு, அப்புறம் கமராவைத் திருப்புங்கள். அந்த மரமும் நீங்கள் எடுக்கப் போவதும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், அது முக்கியம்.

ஈரம்தான் பெரிய எதிரி. இந்த லென்ஸ் குழாய்க்குள் குழாயாக நீண்டு சுருங்கும். ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மழைக்காலத்தில் லயத்து அறையில் சட்டையே மூன்று நாளாகக் காயாது. கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்காமல் இருக்குமா? தோல் உறையில் போட்டு அலுமாரியில் பூட்டாதீர்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். தேயிலை ஸ்டோருக்குள், அதாவது தொழிற்சாலைக்குள், எடுத்துப் போனால் தூசியும் போகும். சென்சரில் ஒரு துகள் ஒட்டினால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் பொட்டு. லென்ஸ் கழற்றும் கமராவென்றால் ஊதித் துடைக்கலாம். இதை முழுதாகப் பிரிக்க வேண்டும், அதற்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும்.

ஸூமைப் பற்றி எனக்கொரு மனத்தாங்கலும் உண்டு. வீதியில் வேனை நிறுத்திவிட்டு, மேலே கொழுந்தெடுக்கும் அக்காமாரை அங்கிருந்தே இழுத்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். இடுப்புப் படங்கு, கூடை, வியர்வை எல்லாம் படத்தில் இருக்கும். எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். சின்னக் கமராவின் உண்மையான பலம் இதற்கு நேர் எதிரானது. நிறுவை நேரத்தில் கிட்டப் போய், கேட்டுவிட்டு, 50, 60 அளவில் வைத்து எடுங்கள். பெரிய லென்ஸைக் கண்டால் விறைத்துப்போகிறவர்கள் இதன் முன் பேச்சை நிறுத்துவதில்லை.

பாவித்ததை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸூமைப் பல தடவை நீட்டிச் சுருக்கி, கறகறச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வெள்ளைச் சுவரை முழு ஸூமில் எடுத்து, பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸுக்குள் டோர்ச் அடித்தால் பூஞ்சை நூல் நூலாகத் தெரியும். எல்லாம் சரியாக இருந்தாலும், அந்த மொடலுக்கு பெட்டரி இன்னும் கடையில் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகு காசைக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.