பெரிய ஃபைல் ஏன் ஏற மாட்டேன் என்கிறது?

வணக்கம். டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டிலோ காரிலோ இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஆன்ட்டிகளுக்கும் அங்கிள்களுக்கும், அவர்கள் "தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடு" என்று கூப்பிடும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். இணையதளம் செய்து கொடுப்பது என் தொழில். கோயில் கமிட்டி, சேலைக் கடை, கல்யாண சமையல்காரர், டியூஷன் வாத்தியார் என்று கம்ப்யூட்டரைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள்.

2009 செப்டம்பரில் நம் மாகாணத்தில் ஒரு பந்தயம் நடந்தது. பலருக்கு ஞாபகம் இருக்கும். ஹோவிக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி, இன்டர்நெட் வேகம் பிடிக்காமல், வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் 4 ஜிபி மெமரி கார்டைக் கட்டி ஹில்க்ரெஸ்ட்டுக்குப் பறக்கவிட்டது. புறா ஒரு மணி 8 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது, கார்டிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி முடிக்க மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. அந்த நேரத்தில் ஏடிஎஸ்எல், அதாவது போன் கம்பியில் வரும் இன்டர்நெட் லைன் வழியாகப் போய்ச் சேர்ந்தது வெறும் 4 சதவீதம்! உலகமே சிரித்தது, பிபிசி வரைக்கும் செய்தி போனது.

அந்தக் காலம் போய்விட்டது, சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தெருத்தெருவாக ஃபைபர் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் "ஃபைல் ஏற மாட்டேங்குது" என்ற போன் மட்டும் நிற்கவில்லை. போன் செய்கிறவர் முதலில் சொல்வது என்ன தெரியுமா? "எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியாதுப்பா, நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன்." பெரும்பாலும் அவர் எதையும் தப்பாக அமுக்கவில்லை. தளத்தைக் கட்டியவர் ஒரு அளவை மாற்றாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

அது என்ன அளவு என்று சொல்கிறேன். உலகத்தில் பாதி இணையதளங்களுக்கு மேல் பிஎச்பி என்ற மொழியில் ஓடுகின்றன, தளம் கட்டப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் உட்பட. பிஎச்பியை நிறுவினால் அது தானாக வைத்துக்கொள்ளும் வரம்பு, ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, ஒரு படிவம் மொத்தத்துக்கும் சேர்த்து 8 எம்பி. இன்று ஃபோனில் எடுக்கும் ஒரு போட்டோவே 3, 4 எம்பி வருகிறது! இதற்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் நின்றால் அதன் இயல்பான வரம்பு 1 எம்பிதான். அதற்கும் முன்னால், தளத்துக்குக் காவல் நிற்கும் கிளவுட்ஃபிளேர் என்ற சேவை இருந்தால், இலவசக் கணக்குக்கு 100 எம்பிக்கு மேல் அது விடாது. தேர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், போகிற வழியில் மிகக் குறுகிய தெருமுனை எதுவோ அதுதான் தேர் திரும்புமா என்று முடிவு செய்யும், அதுபோலத்தான் இதுவும். தளத்தை வைக்க இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் கம்பெனிக்காரர் "நாங்கள் 512 எம்பி கொடுத்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவார், அவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அவர் பார்த்தது வழியில் இருக்கும் ஒரு முனையை மட்டும். தளம் கட்டும் தம்பிகள் எல்லா வரம்பையும் ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிட வேண்டும்.

இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. ஃபைல் அந்த 8 எம்பி வரம்பைத் தாண்டிவிட்டால் பிஎச்பி அந்த ஃபைலை மட்டும் விட்டுவிடுவதில்லை, படிவத்தில் நிரப்பிய எல்லாவற்றையும் சேர்த்துக் காலியாக்கிவிடுகிறது. நீங்கள் பெயர், போன் நம்பர் எல்லாம் பொறுமையாக எழுதி, போட்டோவையும் சேர்த்து, பொத்தானை அமுக்கினால், தளம் திரும்பி வந்து "தயவுசெய்து உங்கள் பெயரை எழுதவும்" என்று கேட்கும். பெயரைத்தான் எழுதினோமே! மறுபடி எழுதுவார்கள், மறுபடி அதே பதில். வெருலத்தில் ஒரு ஆன்ட்டி தன் பெயரில் ஏதோ எழுத்துப்பிழை இருக்கிறது என்று நினைத்து ஐடி புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார். ஃபைல் பெரிது என்று அந்தத் தளம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உங்கள் ஃபைல் 11 எம்பி, இங்கே 2 எம்பி வரை ஏற்றலாம்" என்று, அனுப்பும் முன்னாலேயே, பிரவுசரிலேயே சொல்லிவிட முடியும். சில வரி ஜாவாஸ்கிரிப்ட். அதைச் செய்யாதவர் வாடிக்கையாளருக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறேன் என்று சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

அப்புறம் காசு. 2016ல் "டேட்டா மஸ்ட் ஃபால்", டேட்டா விலை குறைய வேண்டும் என்று நாடு முழுவதும் கத்தியது சும்மா இல்லை. போட்டி ஆணையத்தின் அறிக்கை 2019 டிசம்பரில் வந்த பிறகுதான், 2020 ஏப்ரலில், பெரிய நெட்வொர்க்குகளில் 1 ஜிபி மாத டேட்டா 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறங்கியது. ஏற்றுவதும் டேட்டாவைத் தின்னும் என்பது பலருக்குத் தெரியாது. 300 எம்பி வீடியோ ஒன்று 90 சதவீதத்தில் நின்றுபோனால் 270 எம்பி போயே போச்சு, அந்த 99 ராண்ட் விலைக்கே கணக்குப் போட்டாலும் சுமார் 27 ராண்ட். மூன்று தடவை முயன்றால் ஒரு வேளைக்கு பனி சௌ வாங்கும் காசு. ஆகவே "இன்னொரு தடவை முயன்று பாருங்க ஆன்ட்டி" என்று போனில் லேசாகச் சொல்லிவிடாதீர்கள்.

சரி, என்ன செய்வது? யாராவது பெரிய ஃபைல் என்று சொன்னால் நான் முதலில் கேட்பது, அது எதற்கு, யார் பார்க்கப்போகிறார்கள் என்றுதான். ஏனென்றால் பெரிய ஃபைல்களில் நிறைய, பெரிதாக இருக்கத் தேவையே இல்லாதவை. கோயிலில் ஒரு மணி நேரம் தேவாரம் பாடியதை ரெக்கார்ட் செய்கிறார்கள், மெஷின் அதை வேவ் ஃபைலாகக் கொடுக்கிறது, சிடி தரத்தில் அது சுமார் 635 எம்பி. அதையே எம்பி3 ஆக, நொடிக்கு 128 கிலோபிட்டில் மாற்றினால் 58 எம்பிக்குள் அடங்கும். சொற்பொழிவு மட்டும் என்றால் மோனோவில் 64 கிலோபிட் தாராளமாகப் போதும், 29 எம்பி. ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. மாற்றுவதற்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். ஆனால் வேவ் ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் மூலம், ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கட்டும், பாடிய தாத்தா இன்னொரு தடவை பாட முடியாமல் போகலாம்.

பழைய விழா மலர்கள் இன்னொரு தொல்லை. நம் கோயில்களில் பல, நூறு வருடத்தைத் தாண்டியவை, அவற்றின் மலர்களை ஸ்கேன் செய்து தளத்தில் போட ஆசைப்படுகிறார்கள், நல்ல ஆசைதான். ஸ்கேனரில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்று ஒரு இடம் இருக்கும், பெரிய எண் நல்லது என்று அதை அமுக்கிவிடுவார்கள். ஒரு ஏ4 பக்கம் கலரில் 600 டிபிஐ என்றால் சுருக்குவதற்கு முன் 100 எம்பிக்கு மேல். 150ல் எடுத்தால் அதில் பதினாறில் ஒரு பங்கு, திரையில் படிக்க அது போதும். காப்பகத்துக்கு 600, தளத்துக்கு 150, இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ விஷயத்தில் ஒரு சின்ன ரகசியம் சொல்கிறேன், என் தொழில்காரர்கள் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடுகிறது என்று எல்லோரும் குறை சொல்வார்கள். இணையதளத்துக்கு அந்தச் சுருங்கிய படம் பெரும்பாலும் போதும்! பேனர் அடிக்க, புத்தகம் அச்சிடத்தான் போதாது. அதற்கு வாட்ஸப்பிலேயே "டாக்குமென்ட்" என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் படம் மாறாமல் போகும், 2022லிருந்து 2 ஜிபி வரை விடுகிறார்கள். ஐபோன் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: 2017லிருந்து அது படத்தை எச்இஐசி என்ற வகையில் சேமிக்கிறது, சில தளங்கள் அதை ஏற்காது. கேமரா செட்டிங்கில் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" என்று மாற்றினால் இனி எடுப்பது ஜேபெக் ஆகிவிடும்.

வீடியோவைத் தளத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். யூடியூபில் போட்டு அங்கிருந்து தளத்தில் ஒட்டுங்கள். புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் பேர் ஒரே நேரத்தில் வீடியோவைத் திறந்தாலும் சின்ன ஹோஸ்டிங் கணக்கு படுத்துவிடும். யூடியூபில் புதுக் கணக்குக்கு 15 நிமிட வரம்பு இருக்கிறது, போன் நம்பரைக் கொடுத்துச் சரிபார்த்தால் அது 12 மணி நேரமாக ஆகிவிடும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் காவடி வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் செய்த பிறகும் சில ஃபைல்கள் பெரிதாகத்தான் இருக்கும். கட்டட வரைபடம் அனுப்புகிற ஆர்க்கிடெக்ட், கல்யாண ஆல்பம் அனுப்புகிற போட்டோகிராஃபர், இவர்களிடம் சுருக்கு என்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் இதற்கு எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறைதான் பதில். அது 1971ல் அபய் பூஷண் என்ற இந்தியர், கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்காவில் எம்ஐடியில் இருந்தபோது எழுதியது, அந்த வயதுக்கு அது நன்றாகவே உழைத்தது. ஆனால் பாஸ்வேர்டைத் திறந்தபடியே அனுப்பும். 2021ல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதைக் கைவிட்டுவிட்டன, அதனால் "பிரவுசரில் இந்த முகவரியை அடியுங்கள்" என்று பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு இன்று முயல்கிறவர் பாவம், ஒன்றும் நடக்காது. இப்போது கொடுப்பதென்றால் எஸ்எஃப்டிபி கொடுங்கள், அது பாஸ்வேர்டை மறைத்து அனுப்பும், ஆனால் தெரியாதவர்களுக்குக் கொடுக்கும்போது ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் திறந்துவிடுங்கள். அதற்குப் பயன்படுத்தும் ஃபைல்ஸில்லா என்ற மென்பொருளில் மவுஸ் கொஞ்சம் நழுவினால் ஒரு ஃபோல்டர் இன்னொன்றுக்குள் போய் உட்கார்ந்துவிடும், தளம் காணாமல் போகும், அதை இழுத்தவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

என் பழக்கம் வேறு. ஒரு லிங்க் அனுப்புவேன், அதைத் தட்டினால் ஒரு பொத்தான், ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. டிராப்பாக்ஸில் "ஃபைல் ரிக்வெஸ்ட்" என்று ஒன்று உண்டு, அனுப்புகிறவருக்குக் கணக்கே வேண்டாம். கூகுள் ஃபார்மில் ஃபைல் ஏற்றச் சொன்னால் முதலில் ஜிமெயிலில் நுழையச் சொல்லும், பாதிப் பேர் அங்கேயே பாஸ்வேர்டு மறந்து நின்றுவிடுவார்கள். தளத்திலேயே வேண்டும் என்றால், ஃபைலை 1 எம்பிக்கும் குறைவான துண்டுகளாக உடைத்து அனுப்பி, நின்ற இடத்திலிருந்து தொடரும் வழியில் கட்டுங்கள். டஸ் என்ற திறந்த நெறிமுறை இதற்கென்றே இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் தனியாகப் போவதால் மேலே சொன்ன வரம்புகளிலும் மாட்டாது.

லோட் ஷெடிங் என்று முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் நாட்டில் இது ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. 2007லிருந்து பார்க்கிறோம், 2023 போல மோசமான வருடம் இருந்ததில்லை, 2024 மார்ச் கடைசியிலிருந்து பல மாதம் விளக்கு அணையாமல் இருந்தபோது நிறையப் பேர் தங்கள் குட்டி யுபிஎஸ்ஸை மூட்டை கட்டி மேலே போட்டுவிட்டார்கள், 2025 தொடக்கத்தில் திரும்ப இறக்கினார்கள். ஃபைபர் பெட்டி, ரவுட்டர் இரண்டையுமே அதில் செருக வேண்டும், ரவுட்டரை மட்டும் செருகிவிட்டு வைஃபை இருக்கிறது, இன்டர்நெட் இல்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு. ஃபோனில் இருந்து ஏற்றும்போது திரை அணைந்தால் பல ஃபோன்களில் வேலை நின்றுவிடும், அதனால் முடியும்வரை திரையை அணைய விடாதீர்கள்.

லைன் வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 10 எம்பி லைன் என்று விற்பது மெகாபிட், ஃபைலை அளப்பது மெகாபைட், நடுவில் எட்டால் வகுக்க வேண்டும். அந்த 635 எம்பி தேவாரம் 10 மெகாபிட் லைனில் ஒன்பது நிமிடத்துக்குள் போகும், 2 மெகாபிட்டில் 40 நிமிடத்துக்கு மேல். நீங்கள் பார்க்க வேண்டியது ஏற்றும் வேகம், விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் இறக்கும் வேகம். இதை வாடிக்கையாளரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டால் அவர் பத்தாவது நிமிடத்தில் பயந்து பிரவுசரை மூட மாட்டார்.

வாடிக்கையாளர்களுடைய வாடிக்கையாளர்கள் ஐடி நகல், பேங்க் ஸ்டேட்மென்ட் ஏற்றுகிற தளம் என்றால் அந்த ஃபோல்டர் வெளியே திறந்து கிடக்கக்கூடாது. தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் 2021 ஜூலை 1லிருந்து முழுதாக அமலில் இருக்கிறது, கோயில் கமிட்டிக்கும் அது பொருந்தும்.

கடைசியாக, ஃபைல் ஏறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 100 சதவீதம் என்று காட்டியதை மட்டும் நம்பாதீர்கள், அதற்குப் பிறகும் சர்வர் கொஞ்ச நேரம் அதை வைத்து வேலை செய்யும். ஏற்றிய ஃபோனிலேயே பார்த்தாலும் போதாது, பக்கத்து வீட்டுக்காரரிடமோ மகளிடமோ லிங்க்கை அனுப்பி அவர்கள் ஃபோனில், வைஃபை இல்லாமல், திறந்து கடைசிவரை ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதியில் நின்றால் திரையில் வந்த எழுத்தைப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புங்கள். 413 என்ற எண் வந்திருந்தால் அதை மட்டும் சொன்னாலே போதும், ஃபைல் வரம்பைத் தாண்டிவிட்டது என்று எங்களுக்குப் புரிந்துவிடும், உங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டிய அவசியம் இருக்காது. நன்றி, வணக்கம்.