வலை பிரிக்கும்போது கடிச்சது என்ன? பாம்புக்கடி ரிவிஷன்

வணக்கம் டாக்டர்ஸ். பின்னாடி தெரியுறது மண்டபம் கரை. விசைப்படகு வந்து வலையை உதறிக்கிட்டிருக்காங்க, காத்து இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கோங்க. வெளிநாட்டுல மருத்துவம் படிச்சவங்க எழுதுற எஃப்எம்ஜிஇ தேர்வுல 300 கேள்விக்கு 150 எடுத்தா பாஸ், நெகட்டிவ் மார்க்கும் கிடையாது. பாம்புக்கடியில மார்க்கை விடுறது வீண்.

கேள்வி இப்படி வரும். மீனவர், வலை பிரிக்கையில விரல்ல ஏதோ சுருக்குன்னு குத்துச்சு. வீக்கம் இல்ல. ரெண்டு மணி நேரத்துல உடம்பு முழுக்க அடிச்சுப்போட்ட வலி, வாயைத் திறக்க முடியல, அப்புறம் ஒண்ணுக்கு கடுங்காப்பி நிறத்துல போகுது. வாய் இறுகிப்போச்சுன்னதும் டெட்டனஸ்னு டிக் அடிச்சிடாதீங்க. இது கடல்பாம்பு. தசை சிதைஞ்சு அதுல இருக்கிற மயோகுளோபின்ங்கிற புரதம் இறங்கி கிட்னியைக் கெடுக்கும். அதுக்கு முன்னாடியே சிதைஞ்ச தசையிலிருந்து வர்ற பொட்டாசியம் ஆளை முடிச்சிடலாம். ஈசிஜி-ல டி அலை கூரா நின்னா 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி, மெதுவா ஐவி, அதாவது ரத்தக்குழாய் வழியா. மூச்சுக்குழாய்ல டியூப் போடணும்னா தசையைத் தளர்த்துற சக்ஸமெதோனியம் வேண்டாம், ஏறியிருக்கிற பொட்டாசியத்தை இன்னும் ஏத்தும்.

ஆப்ஷன்ல ஏஎஸ்வி, அதாவது பாம்பு விஷ முறிவு மருந்து இருக்கும், அதுதான் பொறி. நம்மூரு ஏஎஸ்வி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்குத்தான். கடல்பாம்பு விஷத்தை முறிக்காது.

அடுத்து, விஷம் ரத்தத்தை உறையவிடாம செஞ்சிருக்கான்னு பார்க்கிற 20 நிமிஷ ரத்த உறைவு டெஸ்ட். பார்க்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், சொதப்புறதும் இதுலதான். காய்ஞ்ச, புது கண்ணாடி டியூப்ல 2 மில்லி ரத்தம். 20 நிமிஷம் ஆட்டாம வைங்க, அப்புறம் ஒரே தடவை சாய்ங்க. தண்ணியா ஓடுனா உறையல. ஏன் கண்ணாடி? அதோட பரப்புதான் ஃபேக்டர் 12-ஐத் தூண்டுது. பிளாஸ்டிக்ல போட்டா நல்ல ரத்தமும் உறையாம நிக்கும். சோப்புப் போட்டுக் கழுவுன டியூப்பும் அப்படித்தான், தேவையில்லாம 10 குப்பி ஏஎஸ்வி இறங்கிடும். ஏஎஸ்வி முடிஞ்சதும் உடனே திருப்பிப் பார்க்காதீங்க. ரத்தத்தை உறைய வைக்கிற ஃபேக்டரைக் கல்லீரல் செய்ய நேரம் வேணும், 6 மணி நேரம் கழிச்சுப் பாருங்க.

ஏஎஸ்வி ஆரம்ப டோஸ் 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதேதான், பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைக்காதுல்ல. பவுடரைக் கரைக்கும்போது உருட்டுங்க, குலுக்குனா நுரைச்சிடும். டெஸ்ட் டோஸ் கிடையாது. பெரியவங்களுக்கு அலர்ஜி வந்தா அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில ஐஎம் ஊசி.

இமை தொங்குதா? நல்ல பாம்புன்னா, நரம்பிலிருந்து தசைக்குப் போற சிக்னலைக் கூட்டுற நியோஸ்டிக்மின் மருந்து வேலை செய்யும், முன்னாடி அட்ரோபின் போடணும். தரையில படுத்தவர், விடிகாலை வயித்துவலி, கடிச்ச தடமே இல்லைன்னா கட்டுவிரியன். அது நரம்பு நுனியையே கெடுக்குறதால நியோஸ்டிக்மின் பெருசா உதவாது, வென்டிலேட்டர் ரெடியா இருக்கணும்.

கடைசியா திருக்கை முள். அந்த விஷம் சூட்டுல சிதையும், 45 டிகிரி வெந்நீர்ல 30 முதல் 90 நிமிஷம் காலை வைக்கணும். சூட்டை அவரோட நல்ல கால்ல பார்த்துட்டு வைங்க. வலியில இருக்கிற காலுக்கு வெந்து போறது தெரியாது.