கப்பலை மறிக்கும் அதிகாரம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

வணிக ஒப்பந்தத்தோடு சேர்ந்து வரும் சுற்றுச்சூழல் ஒத்துழைப்பு உண்மையில் பயன் தருகிறதா, வெறும் ஏட்டுச் சுரைக்காயா என்பது இன்றைய வழக்கு. பயன் தருகிறது என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் தென் அமெரிக்க நாடான பெருவையும் அமெரிக்காவையும் சாட்சிக்கு அழைத்தார். "2009 பிப்ரவரி 1இல் பெரு–அமெரிக்க வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அமேசானில் கள்ள மரம் வெட்டுவது இன்றும் நடக்கிறது. அப்புறம் என்ன ஒத்துழைப்பு?" என்று கேட்டார். அதே சாட்சியை நான் குறுக்கு விசாரணை செய்கிறேன்.

கள்ள மரம் எப்படி நல்ல மரமாக மாறுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெருவில் காட்டைக் குத்தகைக்கு எடுத்தவர் வெட்டுவதற்கு முன் ஒரு திட்டம் கொடுக்க வேண்டும். வெட்டப் போகும் ஒவ்வொரு மரத்துக்கும் அதில் ஓர் எண் உண்டு. என்ன இனம், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் என்ன விட்டம், எத்தனை கன மீட்டர் தேறும், எந்த இடத்தில் நிற்கிறது, எல்லாம் எழுதியிருக்க வேண்டும். வட்டார அரசு கையெழுத்துப் போட்டுவிட்டால் அத்தனை கன மீட்டருக்கும் போக்குவரத்துச் சீட்டு எழுதிக்கொள்ளலாம். ஓட்டை இங்கேதான் இருக்கிறது. இல்லாத மரத்தைப் பட்டியலில் எழுதுகிறார்கள். அந்த மரத்தின் பேரில் வந்த சீட்டை விற்கிறார்கள். பழங்குடிக் கிராமத்து நிலத்திலோ காப்புக் காட்டிலோ வெட்டிய கட்டை அந்தச் சீட்டோடு ஆற்றில் மிதந்து அறுவை மில்லுக்கு வருகிறது. பலகையாக அறுத்துவிட்டால், அது எந்த இடத்தில் நின்ற மரம் என்று சோதனைச்சாவடியில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. காகிதம் சுத்தமாக இருக்கும்.

காகிதத்தைப் புரட்டி இந்தத் திருட்டைப் பிடிக்க முடியாது. ஜிபிஎஸ் கருவியோடு அந்த இடத்துக்கே நடந்து போக வேண்டும். அங்கே அடிக்கட்டை இருக்கிறதா? வெட்டியதாகக் கணக்குக் காட்டிய மரம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறதா? மரமே முளைக்காத சதுப்பா? இந்தக் கேள்விகளோடு காட்டுக்குள் போகும் அமைப்புக்கு ஓசின்ஃபோர் என்று பெயர். 2008இல் அது தனி அமைப்பாக உருவானது. அது சுதந்திரமாகவும் தனித்தும் இயங்க வேண்டும் என்று எழுதி வைத்தது எது? எதிரணி ஏட்டுச் சுரைக்காய் என்ற அதே ஒப்பந்தத்தில், காட்டு நிர்வாகத்துக்கென்றே சேர்த்த 18.3.4 என்ற இணைப்பு; சுருக்கமாகக் காட்டு இணைப்பு. மகோகனிக்கு ஏற்றுமதி அளவு, மகோகனிக்கும் செடாருக்கும் கணக்கெடுப்பு, கடும் தண்டனை, கூடுதல் காவலர்கள் என்று நிறைய அதில் உண்டு. என் கணக்கில் முக்கியமானவை இரண்டுதான்: ஒன்று, அனுமதி கொடுப்பவர் கையில் மேற்பார்வை இருக்கக் கூடாது; இரண்டு, அமெரிக்கா கேட்டால் குறிப்பிட்ட ஒரு சரக்கை மில்லிலிருந்து காடு வரை பெரு சரிபார்த்துச் சொல்ல வேண்டும், சரியில்லை என்றால் அமெரிக்கா அதை இறக்க விடாது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், "நிதியும் பயிற்சியும் கொடுங்கள், வணிகத்தை ஏன் இதில் இழுக்கிறீர்கள்?" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். நிதியும் கொடுத்தார்கள், பயிற்சியும் கொடுத்தார்கள். ஆனால் ஓசின்ஃபோர் பெரும்பாலும் வெட்டி முடிந்த பிறகுதான் காட்டுக்குள் போகிறது. அதன் அறிக்கை வருவதற்குள் மரம் கடல் தாண்டிவிடும். எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் இந்தக் கால இடைவெளி குறையாது. சரக்கை மறிக்கும் இடம் துறைமுகம். அந்தச் சாவி வணிக ஒப்பந்தத்தில் இருக்கிறது.

2015 செப்டம்பரில், பெருவின் அமேசான் துறைமுக நகரான இக்கிட்டோஸிலிருந்து வந்த யாக்கு கால்ப்பா என்ற கப்பலின் சரக்கு அமெரிக்காவின் ஹூஸ்டனில் தடுத்து நிறுத்தப்பட்டது. சுமார் 1,770 டன் மரம். அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் கள்ள மரம் என்று பின்னர் தெரிந்தது. அது தெரிந்ததற்குக் காரணம், ஓசின்ஃபோர் ஆட்கள் காட்டுக்குள் போய்ப் பார்த்திருந்தார்கள். அதற்கு என்ன பரிசு? 2016 ஜனவரியில் அமைப்பின் தலைவர் ரோலாண்டோ நவாரோவின் பதவி பறிபோனது. உள்ளூர் அழுத்தத்தின் பலம் அவ்வளவு. அடுத்த மாதமே, அதற்கு ஓராண்டுக்கு முன் 2015 ஜனவரியில் வந்திருந்த இன்னொரு சரக்கைச் சரிபார்க்கச் சொல்லி அமெரிக்கா முதல் முறையாக இணைப்பின் சரிபார்ப்பு விதியைப் பயன்படுத்தியது. 2017 அக்டோபரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் மரத்துக்கு மூன்றாண்டு வரை கதவு அடைக்கப்பட்டது. 2019இல் இன்னொரு நிறுவனத்துக்கும் அதே கதி. தாமதம்தான், மறுக்கவில்லை. 2015இல் வந்த பலகை அதற்குள் யார் வீட்டுத் தரையாகவோ ஆகியிருக்கும். ஆனால் மரம் விற்கிறவனுக்கு உறைப்பது அடுத்த சரக்குக்குச் சந்தை இல்லை என்ற செய்திதான்.

பாகுவா படுகொலையை எதிரணி சொன்னது. சொல்ல வேண்டியதுதான். பெருவின் பாகுவாவில் போலீசாருக்கும் போராடிய பழங்குடி மக்களுக்கும் இடையே 2009 ஜூன் 5இல் தொடங்கிய அந்த மோதலில் 33 உயிர்கள் போயின. ஒப்பந்தத்தை நிறைவேற்றுகிறோம் என்ற பெயரில், பழங்குடி மக்களைக் கேட்காமல், 2008இல் அவசரமாகப் போட்ட ஆணைகள்தான் அதற்கு மூலம். காட்டு இணைப்போ, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பின் 18 மாதம் அவகாசம் தந்திருந்தது. கலந்து பேச நேரம் இருந்தும் பேசாமல் விட்டது தலைநகர் லிமாவில் இருந்த பெரு அரசின் குற்றம். இறந்தவர்களின் பேரால் அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

"அமெரிக்கா கதவை மூடினால் மரம் சீனாவுக்குப் போகும்" என்றார்கள். போகிறது. பெரு–சீன ஒப்பந்தம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. ஒத்துழைப்பு என்ற சொல் அதிலும் உண்டு, சரக்கை மறிக்கும் காட்டு இணைப்பு இல்லை. நடுவர் அவர்களே, இது என் தரப்புக்கான சான்று. பல் இல்லாத ஒப்பந்தத்தின் பக்கம்தான் கள்ள மரம் ஒதுங்குகிறது.

2018 டிசம்பரில் ஓசின்ஃபோரைச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்து பெரு ஆணையிட்டது. 2019 ஜனவரியில் அமெரிக்கா ஒப்பந்தப்படி ஆலோசனைக்கு அழைத்தது. ஏப்ரலில் ஆணை ரத்தானது. நாலே மாதம்! உள்நாட்டில் எதிர்த்தவர்களின் குரலுக்கு, ஓசின்ஃபோர் தனித்து இயங்க வேண்டும் என்ற அந்த ஒரு விதி எத்தனை பலம் சேர்த்தது என்று பாருங்கள்.

2024 ஜனவரியில் வந்த 31973ஆம் எண் சட்டம் காட்டுச் சட்டத்தைத் தளர்த்திவிட்டது, காடழித்து விளைநிலமாக்கிய இடங்களுக்கு விலக்குக் கொடுத்தது. அது கெடுதல், எதிரணியோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் வணிகத்தைப் பாதிக்கும் வகையில் சுற்றுச்சூழல் சட்டத்தைத் தளர்த்தக் கூடாது என்று ஒப்பந்தத்தின் 18.3ஆம் உறுப்பு சொல்கிறது. 2019இல் அழைத்ததுபோல் இதற்கும் அழைக்க வேண்டும். கூடவே, சரக்கு இக்கிட்டோஸை விட்டுக் கிளம்பும் முன்பே சீட்டு எண்களை வெளியிட வைத்து, ஓசின்ஃபோர் அடிக்கட்டையைப் பார்த்த பிறகே ஏற்றுமதி என்ற நிபந்தனையை இணைப்பில் சேர்க்க வேண்டும். அதைக் கேட்பதற்கு இரு நாட்டுக்கும் பொதுவான துணைக்குழு ஒன்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.