மண்ணுக்கு அவசரம் கிடையாது

நேயர்களுக்கு வணக்கம்.

உச்சிவெயிலில் செருப்பில்லாமல் மணலில் நின்றால் கால் பொரியும். அதே இடத்தில் ஒரு முழம் தோண்டிக் கையை விட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். வெப்பம் உள்ளே இறங்காமல் இல்லை. இறங்குகிறது; ஆனால் பருவ வெப்பம் நாளொன்றுக்கு நான்கைந்து சென்டிமீட்டர் நகர்ந்தாலே அதிகம். அந்த நடையில் கோடை ஏழெட்டு மீட்டர் ஆழத்துக்குப் போய்ச் சேரும்போது மேலே குளிர்காலம் வந்துவிடும்! பதினைந்து மீட்டருக்கும் கீழே போனால் எந்தப் பருவமும் தெரியாது.

மண்ணின் இந்த நிதானத்தை நம்பித்தான் கோடை வெயிலைக் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைக்கிறார்கள்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஓகோடோக்ஸ் என்றொரு ஊர். குளிர் மைனஸ் 30 டிகிரியைத் தொடுகிற இடம். அங்கே டிரேக் லேண்டிங் என்ற 52 வீட்டுக் குடியிருப்பில் 2007-இல் இதைச் செய்து காட்டினார்கள். கார் ஷெட் கூரைகளின் மேல் ஏறத்தாழ 800 சூரிய வெப்பத் தகடுகள். பூங்காவின் ஓரத்தில், சுமார் 35 மீட்டர் ஆழமுள்ள 144 ஆழ்துளைகள். ஒவ்வொன்றிலும் கீழே போய்த் திரும்பி மேலே வரும் ஒரு பிளாஸ்டிக் குழாய். தண்ணீர் மண்ணைத் தொடுவதில்லை. சூட்டை மட்டும் கொடுத்துவிட்டு வரும்.

கோடையில் சுடுநீர் நடுத்துளையில் நுழைந்து, சூடு ஆற ஆற, ஓரத்துளைகளுக்கு நகரும். குளிர்காலத்தில் அப்படியே தலைகீழ்: ஆறிய நீர் ஓரத்தில் நுழைந்து, சூடேறிக்கொண்டே நடுவுக்கு வந்து வீடுகளுக்குப் போகும். நடுவில் இருக்கும் அதிகச் சூடு இப்படித்தான் காப்பாற்றப்படுகிறது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

முதல் ஆண்டில் வீடுகளுக்கு வேண்டிய வெப்பத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் சூரியனிடமிருந்து கிடைத்தது. சுற்றியிருந்த குளிர்ந்த மண் அவ்வளவு சூட்டைக் குடித்துவிட்டது. ஐந்தாவது ஆண்டில் சூரியனின் பங்கு 97 சதவீதம். 2015–16 குளிர்காலத்தில் முழுக்க முழுக்கச் சூரியனே!

ஒரே ஒரு வீட்டுக்கு இப்படிச் செய்யலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். சூடு கசிவது சேமிப்பின் மேற்பரப்பு வழியாக, தங்குவது கனஅளவில். நீள, அகல, ஆழத்தை இரட்டிப்பாக்கினால் கனஅளவு எட்டு மடங்கு, மேற்பரப்பு நான்கு மடங்குதான். சின்னச் சேமிப்பு குளிர் வருமுன்னே ஆறிவிடும். தெருவே சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும்.

குளிரையும் இப்படியே சேர்க்கலாம். ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டா விமான நிலையத்தில் 2009 முதல் நிலத்தடி நீரையே சேமிப்பாக வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் குளிர்ந்த நீர் கோடையில் முனையங்களைக் குளிர்விக்கிறது. அப்போது சூடேறிய நீர் இன்னொரு பக்கக் கிணறுகளில் இறங்கி, பனிக்காலத்தில் விமானங்கள் நிற்கும் தரையின் பனியை உருக்க மேலே வருகிறது.

டிரேக் லேண்டிங் 2024-இல் மூடப்பட்டது. மேலே இருந்த கருவிகள் பழுதாகிக்கொண்டே வந்தன, மாற்றும் செலவு கட்டுப்படியாகவில்லை. வீடுகள் எரிவாயுவுக்கு மாறின. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. பதினேழு ஆண்டு சூடாக்கிய மண், சூட்டைக் கேட்க ஆளில்லாமல், அவசரமின்றி ஆறிக்கொண்டிருக்கிறது.

நன்றி, வணக்கம்.