ஒரு யார்டு பாக்கி, 26 விநாடி: சீஹாக்ஸ் ஏன் பந்தை வீசியது?

[திரையில்: கோல் கோட்டருகே இரண்டு அணிகளும் நிற்கும் வரைபடம்]

வணக்கம். 2015 பிப்ரவரி 1, அரிசோனா மாநிலம் கிளெண்டேல். 49-வது சூப்பர் பவுல், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கின் இறுதிப் போட்டி. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 28, சியாட்டில் சீஹாக்ஸ் 24. பந்து சியாட்டில் கையில். டச் டவுனுக்கு, அதாவது பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் 6 புள்ளி எடுக்க, ஒரே ஒரு யார்டு பாக்கி, கடிகாரத்தில் 26 விநாடி. பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் பக்கத்திலேயே மார்ஷான் லிஞ்ச் நிற்கிறார். இரண்டு மூன்று பேர் தொங்கினாலும் இழுத்துக்கொண்டு ஓடுகிற ஆள். அன்றைக்கு 24 தடவை ஓடி 102 யார்டு எடுத்திருந்தார்.

ஆனால் பந்து அவரிடம் போகவில்லை. வில்சன் வீசினார், பேட்ரியாட்ஸின் மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பிடித்தார். கோப்பை பேட்ரியாட்ஸுக்குப் போனது.

அன்று ராத்திரியே ரசிகர்கள் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டார்கள்: டாரெல் பெவல், சீஹாக்ஸின் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர். அடுத்த நகர்வில் ஓடுவதா, வீசுவதா, யார் எந்தப் பக்கம் போவது என்று தேர்ந்தெடுப்பது இவர் வேலை. சொல்வது குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கருக்குப் போகும். அடுத்த நகர்வைத் தொடங்கக் கெடு வைக்கும் பிளே கிளாக்கில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்படும். அதற்குள் யோசித்து, சொல்லி முடித்துவிட வேண்டும்.

"லிஞ்ச் இருக்கும்போது எதற்கு வீசினார்கள்?" இதுதான் எல்லோருடைய கேள்வியும். சரி, கணக்கைப் பார்ப்போம்.

[திரையில்: கடிகாரம் 0:26, கீழே "டைம் அவுட்: 1"]

சியாட்டிலுக்கு இன்னும் மூன்று வாய்ப்பு இருந்தது, கடிகாரத்தை நிறுத்தக் கேட்கும் டைம் அவுட் ஒன்றுதான். ஓடுகிறவரை மைதானத்துக்குள் மடக்கிவிட்டால் கடிகாரம் நிற்காமல் ஓடும். வீசிய பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். முதலில் லிஞ்சை ஓடவிட்டு அவர் மாட்டிக்கொண்டால் டைம் அவுட் தீர்ந்துவிடும். அதன்பின் அடுத்த தடவை வீசித்தான் ஆக வேண்டும், அது எதிரணிக்கும் தெரியும். முதலில் வீசி அது தவறினால் டைம் அவுட் கையில் இருக்கும். அப்புறம் இரண்டு தடவை நிம்மதியாக ஓடலாம். மூன்று வாய்ப்பையும் பயன்படுத்த வேண்டுமென்றால் நடுவில் எங்கேயாவது ஒரு பாஸ் வந்தே தீரும்.

எதிரே நின்றவர்களையும் பாருங்கள். ஓட்டத்தை மறிப்பதற்கென்றே கனமான ஆட்களைப் பேட்ரியாட்ஸ் இறக்கியிருந்தது. பந்தைப் பிடிக்கிறவர்களைக் காவல் காக்க மூன்று கார்னர்பேக்குகள்தான். சியாட்டில் பக்கம் மூன்று ரிசீவர்கள். அந்தக் கூட்டத்துக்குள் லிஞ்சை முட்டவிட வேண்டாம், இந்த வாய்ப்பில் வீசிவிடலாம் என்று நினைத்ததாகத் தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரல் பிறகு சொன்னார். முடிவு தன்னுடையது என்று பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்.

அந்த சீசனில் அதுவரை ஒரு யார்டு கோட்டிலிருந்து எல்லா அணிகளும் சேர்ந்து வீசிய 108 பாஸ்களில் 66 டச் டவுன் ஆனவை. இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பறித்துப் பிடித்தது, ஒன்றுகூட இல்லை. அதே இடத்திலிருந்து லிஞ்ச் 5 தடவை ஓடியதில் ஒரு தடவைதான் கோடு தாண்டினார். இதையெல்லாம் பார்த்தபின், வீசியதே முட்டாள்தனம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் எந்த பாஸ் என்ற இடத்தில் பெவலுக்காக என்னால் வாதாட முடியாது.

[திரையில்: வலது பக்கம் ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு ரிசீவர்கள்]

முன்னால் ஜெர்மெய்ன் கெர்ஸ், பின்னால் ரிக்கார்டோ லாக்கெட். கெர்ஸ் முன்னே போய் எதிரணிக் காவலர்களின் வழியை அடைக்க வேண்டும், அந்த இடைவெளியில் லாக்கெட் உள்பக்கமாக வெட்டி வந்து பந்தைப் பிடிக்க வேண்டும். கெர்ஸுக்கு எதிரே நின்றவர் பிராண்டன் பிரவுனர், அதற்கு முந்தைய ஆண்டு வரை சீஹாக்ஸிலேயே ஆடியவர். அவர் கெர்ஸை நின்ற இடத்திலேயே அமுக்கிப் பிடித்துவிட்டார். வழி அடைபடவில்லை. பட்லர் நேராக பந்துக்குப் பாய்ந்தார். அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத புதுமுகம் அவர். அந்த வாரப் பயிற்சியில் இதே நகர்வில் ஏமாந்திருந்தார், அதனால் இந்தத் தடவை அவர் அதற்காகக் காத்திருந்தார்.

வீசுவதன் லாபமே கடிகாரத்தை நிறுத்துவதுதான் என்றால், தவறினால் தரையில் விழுகிற பாஸைத்தானே தேர்ந்தெடுக்க வேண்டும்? வில்சன் ஓரமாக ஓடி, யாரும் தனியாக நிற்கவில்லை என்றால் வெளியே எறிந்துவிடலாம். மூலைக்கு உயரமாகத் தூக்கிப் போடலாம். ஆள் நெரிசலான நடுப்பகுதிக்குள், அணியின் முதன்மை ரிசீவராக இல்லாத ஒருவரை நம்பி வேகமாக வீசச் சொன்னது தவறான தேர்வு. பந்து வேறு யார் கையில் போய் விழுந்திருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

ஆட்டத்துக்குப் பிறகு, லாக்கெட் பந்துக்கு இன்னும் பலமாகப் போயிருக்கலாம் என்று பெவல் சொன்னது ரசிகர்களின் கோபத்தைக் கூட்டியது. அது நியாயமான கோபம்.

[திரையில்: ஹூஸ்டன், 2017 பிப்ரவரி 5]

ரசிகர்கள் முழுக்கச் சரியாகச் சொன்ன ஒரு சம்பவமும் உண்டு. 51-வது சூப்பர் பவுலில் அதே பேட்ரியாட்ஸுக்கு எதிராக 28-3 என்று முன்னிலையில் இருந்த அட்லாண்டா ஃபால்கன்ஸ், கடைசிக் கட்டத்தில் 28-20-க்கு வந்திருந்தது. நான்கு நிமிடத்துக்கும் குறைவான நேரம். பந்து எதிரணியின் 23 யார்டு கோட்டில். இரண்டு தடவை சும்மா ஓடிவிட்டு ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்தால் 31-20, எதிரணி இரண்டு தடவை ஸ்கோர் செய்தாக வேண்டும். கோஆர்டினேட்டர் கைல் ஷனஹன் பாஸ் கேட்டார். குவார்ட்டர்பேக் மேட் ரயன் 12 யார்டு பின்னால் வீழ்த்தப்பட்டார். அடுத்து அட்லாண்டா ஆட்டக்காரர் ஒருவர் எதிராளியைப் பிடித்து இழுத்ததற்காக இன்னும் 10 யார்டு பறிபோனது. ஃபீல்டு கோலுக்கு எட்டாத தூரம். பேட்ரியாட்ஸ் 34-28 என்று ஓவர்டைமில் ஜெயித்தது.

இங்கே பாஸுக்கு ஆதரவாக எந்தக் கணக்கும் இல்லை. கடிகாரம் ஓடினால் அட்லாண்டாவுக்குத்தான் லாபம், மூன்று புள்ளிகள் கிட்டத்தட்ட கையில் இருந்தன. சியாட்டிலின் பாஸைவிட இது மோசமான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெவல் மேலும் மூன்று சீசன் சியாட்டிலில் வேலை பார்த்தார், 2018 ஜனவரியில் நீக்கப்பட்டார். ஷனஹனை, ஹூஸ்டன் ஆட்டத்துக்கு மறுநாளே சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணி தன் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது.