காட்டுக்கோழிக் கழுத்துக்கு 112 பவுண்டு, அப்புறம் பதினோரு நிமிட வானம்

வணக்கம் மக்களே. மேசை இன்றைக்குக் கொஞ்சம் அலங்கோலமாக இருக்கிறது. வைஸில், அதாவது முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கியில், பாதி கட்டிய ஃபிளை ஒன்று நிற்கிறது. ஃபிளை என்றால் இறகும் மயிரும் கட்டிய தூண்டில் முள். பின்னால் குக்கர் விசில் வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, சனிக்கிழமை மீன் விழுந்தது. ஆமாம், சால்மன்தான். இந்த சீசனில் பதினான்கு நாள் ஸ்காட்லாந்தின் டே (Tay) ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வெறுங்கையோடு வீடு திரும்பியவனுக்குப் பதினைந்தாவது நாள்... சரி, அதற்கு வருகிறேன். இரண்டாவது வயிற்றெரிச்சல். அதை முதலில் கொட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீன் கதை இனிக்காது.

இதோ பாருங்கள், கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். காட்டுக்கோழிச் சேவலின் கழுத்துத்தோல். உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். விலை 112 பவுண்டு. தபால் செலவு தனி, அதைச் சொன்னால் இன்னும் எரியும். நம்ம ஊர்க் காசுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். அம்மாவிடம் வீடியோ காலில் காட்டினேன். "கோழி எங்கேடா?" என்றார். கோழி இல்லையம்மா, கழுத்து மட்டும்தான் என்றேன். "கழுத்தில் கறி ஏதுடா?" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

பழைய வீடியோக்களில் சொல்லியிருக்கிறேன், நான் கம்பத்துக்காரன். மேகமலை அடிவாரத்தில் எங்கள் தாத்தாவின் தோட்டம். விடியற்காலையில் புதருக்குள்ளிருந்து இந்தச் சேவல்தான் கூவும். வீட்டுச் சேவல் மாதிரி இழுத்துக் கூவாது, வெட்டி வெட்டிக் கூவும், இரண்டு மூன்று அடி அடித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொள்ளும். காலையில் தூக்கத்தைக் கெடுத்த அந்தப் பறவையின் கழுத்தை ஸ்காட்லாந்தில் உட்கார்ந்துகொண்டு 112 பவுண்டு கொடுத்து வாங்குகிறேன். தாத்தா இருந்தால் சிரித்திருப்பார்.

எதற்கு இவ்வளவு விலை என்றால், இந்த இறகைப் பாருங்கள். ஒன்றை மட்டும் பிடுங்கிக் காட்டுகிறேன். பிடுங்கவே மனம் வரவில்லை, இருந்தாலும் உங்களுக்காக. கறுப்பு, ஓரத்தில் சாம்பல். நடுவில் வெள்ளைப் பொட்டு, நுனியில் ஒரு மஞ்சள் பொட்டு. தடவிப் பாருங்கள்... நீங்கள் எப்படித் தடவுவீர்கள், நானே சொல்கிறேன். இறகு மாதிரியே இல்லை. மெழுகுவர்த்தி சொட்டிக் காய்ந்த மாதிரி வழவழவென்று இருக்கிறது, நகத்தால் தட்டினால் லேசாகச் சத்தம் கேட்கும். ஃபிளையின் தலைக்குப் பக்கத்தில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று கட்டினால் குட்டி மீனின் கண் மாதிரி இருக்கும். ஸ்காட்லாந்துக்காரர்கள் நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக இதைக் கட்டுகிறார்கள். ஜாக் ஸ்காட் என்று ஒரு ஃபிளை, 1850 வாக்கில் பிறந்தது. பின்பாதி உடம்பு மஞ்சள் பட்டு, முன்பாதி கறுப்புப் பட்டு, டூக்கான், மயில், கினிக்கோழி என்று ஒரு பறவைக் காட்சிசாலையே அதில் இருக்கும். அதன் கன்னத்தில் நம்ம காட்டுக்கோழி. கப்பலேறி வந்த இறகு, மக்களே. மிளகு போன வழியில் இதுவும் போயிருக்கிறது.

பறவைக்கு விஞ்ஞானப் பெயர் காலஸ் சொன்னேராட்டி. சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் இருந்தவர், 1813இல் அவர் பெயரை இதற்கு வைத்தார்கள். கூவி எழுப்பியது நம்மை, பெயர் அவருக்கு.

இப்போது மாமா மேட்டர். விலையைக் கேட்டதும் ஊரிலிருந்து மாமா போன் போட்டு, "மாப்பிள்ளை, ரெண்டு கண்ணி வச்சா நாளைக்கே நாலு கழுத்து அனுப்புறேன்" என்றார். அவர் பாசத்தில் சொன்னார். ஆனால் தயவுசெய்து யாரும் அந்த வேலைக்குப் போகாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட பறவை. சைட்டஸ் என்ற உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலிலும் இருக்கிறது, தாளில்லாமல் நாடு தாண்டினால் வம்பு. இங்கே விற்பது இங்கேயே பண்ணையில் வளர்த்த பறவையின் தோல். வளர்ப்பவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். கோழி மெதுவாக வளரும், மழைக்காலத்தில் சேவல் இந்தக் கழுத்து இறகையெல்லாம் உதிர்த்துவிட்டு மங்கிப்போய்த் திரியும். அதனால்தான் விலை. நியாயம் புரிகிறது. புரிந்தாலும் எரிகிறது.

"பிளாஸ்டிக்கில் அச்சடித்த கண் கிடைக்கிறதே அண்ணா" என்று போன வீடியோவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, கிடைக்கிறது. வாழை இலைப் படம் போட்ட பேப்பர் தட்டும் கிடைக்கிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன். தோல் வந்த அன்று ராத்திரி விளக்குக்கு அடியில் உட்கார்ந்து எண்ணினேன். கண் முழுசாக இருந்த இறகு 86. வகிடு எடுத்த மாதிரி நடுவில் பிளந்து போனது 31. விற்றவரிடம் கேட்டேன், "இயற்கை அப்படித்தான் சார்" என்றார். 112 பவுண்டுக்கு இயற்கை என்ன இப்படி! 86ஆல் வகுத்தால் ஒரு இறகு ஒரு பவுண்டு 30 பென்ஸ். ஒரு ஃபிளைக்கு இரண்டு வேண்டும், 2 பவுண்டு 60. அதைக் கொண்டுபோய் முதல் வீச்சிலேயே ஓக் மரத்துக்கு மொய் எழுதிவிட்டு வருகிறேன் நான்.

ஆனால் இங்கேதான் உங்கள் அண்ணன் மூளை வேலை செய்தது. பிளந்த இறகைத் தலைகீழாகத் திருப்பி, பிளவின் இரண்டு பக்கத்தையும் விரலால் ஒட்டிப் பிடித்து, பின்பக்கம் ஒரு சொட்டு வார்னிஷ். கட்டுபவர்கள் எல்லோரும் செய்வதுதான், நான் கண்டுபிடித்தது இல்லை. என் வார்னிஷ் பாட்டில் காய்ந்து கல்லாகிவிட்டது. அதனால் வீட்டம்மாவின் நிறமில்லாத நெயில் பாலிஷ். கேட்டுத்தான் எடுத்தேன்... எடுத்த பிறகு கேட்டேன். அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு, அதிகம் வைத்தால் முன்பக்கம் வழிந்து மஞ்சள் மங்கிவிடும். 31ம் பிழைத்தது. ஆக மொத்தம் 117, ஒரு இறகு 96 பென்ஸ்! பவுண்டுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த தூக்கம் இருக்கிறதே.

அந்த இறகை வைத்துக் கட்டியதுதான் இது மாதிரியான ஒரு ஸ்டோட்ஸ் டெயில் வகை ஃபிளை. கறுப்பு உடம்பு, வெள்ளி ஜரிகை சுற்று, மேலே கறுப்பு மயிர், கன்னத்தில் நம்ம கண். எட்டாம் நம்பர் முள், எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டேன். பிடித்த மீனையெல்லாம் திரும்ப விடுகிறவன் நான், உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் பிரிட்டனில் உள்ள சால்மனை அழியும் ஆபத்தில் இருப்பதாக அறிவித்துவிட்டார்கள். ராடில், அதாவது தூண்டில் கோலில், பிடித்த சால்மனை ஸ்காட்லாந்தில் விற்பதும் குற்றம்.

சனிக்கிழமை டே ஆற்றில், டன்கெல்டு என்ற ஊருக்குக் கீழே. நாள் சீட்டு 65 பவுண்டு, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீடியோ முடியாது. காலையில் காற்று ஆற்றோடு கீழ்நோக்கி அடித்தது. அதனால் டபுள் ஸ்பே வீச்சுதான். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் வீசினால் ஃபிளை காதில் கம்மல் போட்டுவிடும், போன வருடம் பார்த்தீர்களே. புதிதாக வந்தவர்களுக்கு ஒரே வரி: நம்ம ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், நரம்பு அதன் பின்னால் போகும். இதில் ஃபிளைக்கு எடையே கிடையாது. கனமான நூல்தான் பறக்கிறது, ஃபிளை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. பின்னால் முழுக்க மரம், தலைக்குப் பின்னால் சுழற்ற இடமில்லை. அதனால் நூலைத் தண்ணீரில் படுக்கவைத்து, உடம்புக்குப் பக்கத்தில் ஒரு வளையம் கட்டி, 15 அடி ராடை இரண்டு கையாலும் தள்ள வேண்டும். அதுதான் ஸ்பே வீச்சு. எனக்கு இது கைக்கு வர மூன்று வருடம் ஆனது. இன்னமும் பத்துக்கு நான்குதான் ஒழுங்காகப் போகிறது.

எங்கள் அப்பா முல்லைப் பெரியாறு வாய்க்காலில் மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டிக் கெண்டை பிடிப்பார். ஏழு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தக்கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே தக்கை முங்கினால் இழுக்க வேண்டும். இங்கே இழுத்தால் போச்சு. சால்மன் ஃபிளையை வாயில் வைத்துத் திரும்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நான் மூன்று தடவை முருகா என்று சொல்லிவிட்டுத்தான் ராடைத் தூக்குவேன். அப்பாவின் பழக்கத்தை மறக்க எனக்கு முருகன்தான் துணை.

பதினொன்றரை இருக்கும். கில்லி கரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கில்லி என்றால் கிட்டிப்புள் கில்லி இல்லை, ஆற்றங்கரையில் வழிகாட்டும் பெரியவர். வீசினேன், நூல் குறுக்காக ஒழுகிக் கரைப்பக்கம் வந்தது, இரண்டு அடி கீழே நகர்ந்தேன், மறுபடி வீச்சு. நூல் வளைந்து வரும்போது சும்மா ஒரு கனம். செடி மாட்டிய மாதிரி. முருகா. ரீல் கிர்ர் என்றது. முருகா. இரண்டாவது முருகாவில் மீன் ஆற்றின் நடுவுக்குப் போய்விட்டது, மூன்றாவதைச் சொன்னேனா இல்லையா நினைவில்லை.

இப்போது அந்த வீடியோவைப் போடுகிறேன். போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம், திட்டாதீர்கள். காலையில் பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தபோது நெஞ்சில் மாட்டிய கேமரா மேல்நோக்கித் திரும்பிவிட்டது. பதினோரு நிமிடம். வானம். ஒரு மரக்கிளை. நடுவில் ஒரு பறவை போகிறது. சத்தம் மட்டும் பிரமாதமாக விழுந்திருக்கிறது. கேளுங்கள், இந்த ரீல் சத்தம்... கேட்டீர்களா? இதற்காகத்தான் சத்தமில்லாத புது ரீல் எனக்குப் பிடிக்காது. யார் என்ன சொன்னாலும் ரீல் கத்த வேண்டும். ஆறாவது நிமிடத்தில் "ஐயோ போச்சு போச்சு" என்று கேட்கிறதே, அது நான். ஏழாவது நிமிடத்தில் அமைதியாக "போகவில்லை" என்கிறாரே, அது கில்லி.

வலைக்குள் வந்தது. பொன்னும் செம்புமாக, ஆற்றில் பல வாரம் கிடந்த ஆண் மீன், கீழ்த்தாடை கொக்கி போட ஆரம்பித்திருந்தது. எட்டு பவுண்டு என்றார் கில்லி, நான் பத்து என்றேன், ஒன்பதில் முடித்துக்கொண்டோம். தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் முள்ளைக் கழற்றி, வாலைப் பிடித்து ஓட்டத்துக்கு எதிராக நிறுத்தினேன். ஒரு நிமிடம் என் கையிலேயே நின்றது. அப்புறம் கையை உதறிவிட்டுப் போய்விட்டது.

ஆற்றுக்குள் வந்த சால்மன் சாப்பிடவே சாப்பிடாது, உடம்புக் கொழுப்பில் மாதக்கணக்காக ஓட்டும். பிறகு எதற்கு ஃபிளையைக் கடிக்கிறது என்று இங்கே ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பழக்கம் என்பார்கள், கோபம் என்பார்கள். நான் கோபம் கட்சி. 1922 அக்டோபர் 7இல் இதே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண் 64 பவுண்டு சால்மன் பிடித்தார், ராடில் பிடித்ததில் பிரிட்டன் சாதனை இன்றுவரை அதுதான். ஃபிளையில் இல்லை, இரைமீனில். அதைச் சொன்னால் எங்கள் கோஷ்டிக்கு முகம் வாடிவிடும்.

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன். மீனின் வாயிலிருந்து எடுத்த ஃபிளையைப் பார்த்தால் ஒரு கண்தான் இருக்கிறது. காலையில் ஒரு தடவை கல்லில் அடித்த சத்தம் கேட்டது, அப்போதே இடது கண் போயிருக்க வேண்டும். மிச்சமிருந்த வலது கண் எது தெரியுமா? இதோ, பின்பக்கம் மினுக்குகிறது பாருங்கள். நெயில் பாலிஷ். பிளந்து ஒட்டிய 31இல் ஒன்று.

இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னது என் தப்பு. "அப்படியென்றால் அது நான் பிடித்த மீன்" என்று வீட்டம்மா சொல்லிவிட்டார். மீன் பிடிக்கிறவன் வீட்டு ஃப்ரீசரில் மீன் இல்லை, இட்லி மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் கோழித்தோல் இருக்கிறது என்று ஏற்கெனவே ஒரு குறை. அந்துப்பூச்சி முட்டை சாகத்தான் வைக்கிறேன், எத்தனை தடவை சொல்வது. இப்போது பாலிஷ் பாட்டில் காலி, புதிது வேண்டுமாம். 8 பவுண்டு. ஆக 112ம் 8ம் 120, வகுத்தல் 117... ஒரு இறகு ஒரு பவுண்டு 3 பென்ஸ்.

மறுபடியும் பவுண்டைத் தாண்டிவிட்டது மக்களே. சீசன் அக்டோபர் 15 வரை, இன்னும் இரண்டு சனிக்கிழமை பாக்கி. ஞாயிறு சால்மன் பிடிக்கச் சட்டம் விடாது, அன்றைக்கு உட்கார்ந்து கட்டலாம். குக்கர் நாலாவது விசில், நான் போகிறேன்.